கல்லூரி நூலகம்: ஒரு வரைபடத்தின் திறனாய்வு

கவிதையைத் திறனாய்வு செய்கிறோம். சிறுகதையையும் நாவலையும் திறனாய்வு செய்கிறோம். ஒரு கட்டடத்தின் வரைபடத்தையும் அவ்வாறே ஆராய்தல் பொருந்துமா என்று ஆசிரிய நண்பர்கள் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. அக்கட்டடம் நூலகமாக இருப்பின், ஆராயாமல் விடுவதுதான் தவறு. கவிதை பிழைபட்டால் வாசகன் ஏட்டை மூடிவிட்டுப் போகலாம். நூலகம் பிழைபட்டால் ஐம்பது ஆண்டுகளுக்கு மாணவர்கள் அதனுள் நுழைந்து வெறுங்கையுடன் திரும்புவார்கள்.

என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவர் ஒருவர் இன்று ஜொகூர் மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருக்கிறார். அங்கே புதிய நூலகம் ஒன்று எழுப்பத் திட்டமிட்டுள்ளனர். கட்டடக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். “ஐயா, தாங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லவேண்டும்” என்று வரைபடத்தின் நகலை அனுப்பியிருந்தார். கல்லூரியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. வரைபடம் இன்னும் திருத்தத்துக்கு உரிய நிலையில்தான் இருக்கிறது. நான் கட்டடக் கலைஞன் அல்லன்; ஆசிரியர் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும் நூல்களுக்கும் இடையே நின்று பழகியவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

வரைபடம் காட்டுவது மூன்று தளக் கட்டடம். முகப்பு, நெடுஞ்சாலையை நோக்கி விரித்துவைத்த புத்தகம் போன்றது, முழுவதும் கண்ணாடி, மேற்குத் திசையைப் பார்த்தது. தரைத்தளத்தில் உயர்ந்த வரவேற்புக்கூடம், கண்காட்சிக்கு ஓர் இடம், காப்பிக்கடை. இரண்டாம் தளத்தில் கணினிகளும் கலந்துரையாடல் அறைகளும். மூன்றாம் தளத்தின் பின்பகுதியில், மின்தூக்கிக்கும் கழிப்பறைக்கும் அப்பால், ‘தொகுப்பு’ என்றொரு கட்டம். நூல்கள் அங்கே இருக்கின்றன என்று உய்த்துணர வேண்டும். தமிழ் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படும் கல்லூரி அது. தமிழ் நூல்களுக்கு எங்கே இடம் என்பதற்கு வரைபடத்தில் குறிப்பே இல்லை.

முகப்பின் உவமையை முதலில் எடுத்துக்கொள்வோம். குழுவினர் அதனைப் பெருமையோடு குறித்திருக்கின்றனர். உவமை பொருளை விளக்க வரவேண்டுமேயன்றிப் பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்பது நாம் வகுப்பில் சொல்லித்தரும் பாடம். இதே உவமையைக் கோடிக்கணக்கான பொருட்செலவில் கையாண்டவர்கள் பிரெஞ்சு நாட்டினர். பாரிஸ் நகரில் தொமினிக் பெரோ என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1996இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகத்தில், நான்கு மூலைகளிலும் நான்கு கண்ணாடிக் கோபுரங்கள் பாதி திறந்த நூல்களைப்போல் நிற்கின்றன. நூல்களை அக்கோபுரங்களின் மேல்தளங்களில் ஏற்றினார்கள். வாசகர்களைக் கீழே, நடுவில் பள்ளமாக அமைந்த தோட்டத்தைச் சுற்றி அமர்த்தினார்கள். வெயில் வேண்டிய மரங்கள் பள்ளத்தில். நிழல் வேண்டிய நூல்கள் வானத்தில்! பிறகு வெயிலைத் தடுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் மரத்தட்டிகளைப் பொருத்த வேண்டியதாயிற்று. நூலின் உருவத்தைக் காட்டுவதற்காக நூலின் நலத்தை மறந்த உவமை அது. அவ்வளவு செல்வமுள்ள நாட்டுக்கே இந்நிலையெனில், மாணவர் கட்டணத்தை நம்பி நிற்கும் ஒரு கல்லூரி அவ்வழியே செல்லலாமா?

இதற்கு நேர்மாறான கட்டடம் ஒன்றைச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில் எக்சிட்டர் என்னும் ஊரிலுள்ள உறைவிடப் பள்ளிக்காக லூயி கான் வடிவமைத்த நூலகம் 1971இல் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது செங்கல்லால் கட்டிய ஒரு பெட்டி. உவமை எதுவும் தோன்றாது. உள்ளே நுழைந்தவுடன் நடுக்கூடத்தின் நான்கு சுவர்களிலும் பெரிய வட்டத் திறப்புகள். அவற்றின் ஊடாக அடுக்கடுக்காக நூல்கள் கண்ணில் படுகின்றன. நூலடுக்குகள் வெயில் எட்டாத நடுவளையத்தில் இருக்கின்றன. வெளிச்சுவரை ஒட்டி, ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு சன்னலும் மரமேசையும். மாணவன் அடுக்கிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிச் சில அடிகள் நடந்தால் போதும். அந்தச் சில அடிகளுக்காகவே முழுக்கட்டடமும் எழுந்திருக்கிறது எனலாம். அது பல்கலைக்கழகத்துக்கு அன்று, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டியது என்பதை நம் தலைமையாசிரியர்கள் கவனிக்கவேண்டும்.

இவ்வாறு நூலிலிருந்து தொடங்கிக் கட்டடத்துக்குச் செல்லும் சிந்தனைக்கு நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குச் சலிப்பூட்டியது. கணித வகுப்புக்கே திரும்ப விரும்பினார். இலண்டனுக்குச் சென்று நூலகவியல் பயின்று, அங்குள்ள நூலகங்களைக் கண்டு வந்தபின் அவர் பார்வை மாறியது. 1931இல் வெளிவந்த நூலில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றை என் சொற்களில் கூறினால், நூல் புழங்குவதற்கே உரியது. எவ்வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைக்கவேண்டும். எந்நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளரும் தன்மையது. நம் பயிற்சிக் கல்லூரிகளில் இவ்விதிகளைத் தேர்வுக்காக மனனம் செய்தவர்கள் உண்டு. அவை கட்டடத்துக்கும் உரிய விதிகள் என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே.

ரங்கநாதன் எண்ணிப் பார்த்தார். நூலகம் எங்கே அமைய வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், அலமாரி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பனவற்றை எல்லாம் முதல் விதியின் கீழேயே விவாதித்தார். கூரைவரை உயர்ந்து ஏணி வைத்து எடுக்கவேண்டிய அலமாரி, நூலைக் காப்பதற்கென்று செய்தது. தரையில் நின்று கையெட்டும் உயரத்தில் உள்ள அலமாரி, நூலைக் கொடுப்பதற்கென்று செய்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம். சங்கிலியை அறுத்த பின்னரும் உயரமான அலமாரியும் பூட்டிய கதவும் அச்சங்கிலியின் வேலையையே செய்துகொண்டிருந்தன. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் ரங்கநாதன் வாசகர்களை அடுக்குகளுக்கிடையே நேரே செல்லவிட்டார். முன்பு கன்னிமாரா நூலகத்தில் இடம்பெற்றிருந்த பல்கலைக்கழக நூலகம், 1936இல் சேப்பாக்கம் வளாகத்தில் தனக்கெனக் கட்டிய கட்டடத்துக்குக் குடிபுகுந்தபோது அவரே நூலகர். நூலகர் ஒருவர் தம் கொள்கையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டுவதன்று.

இடையே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டி நூலகம் ஒன்றைத் தொடங்கினார். வண்டி ஊர் ஊராகச் சென்று நூல்களை வழங்கிற்று. அடித்தளமும் இல்லை, முகப்பும் இல்லை. ஆயினும் ஐந்து விதிகளில் நான்கையேனும் அந்த வண்டி நிறைவேற்றியது. கட்டடக் குழுக்கள் தம் கூட்டத்தைத் தொடங்குமுன் அவ்வண்டியை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் வரைபடத்துக்குத் திரும்புவோம். நூல்களை மூன்றாம் தளத்தின் பின்பகுதியில் வைத்தது முதற்குறை. அரைமணி நேர இடைவேளையில் நூலகத்துக்கு வரும் மாணவி, காப்பிக்கடையைக் கடந்து, மின்தூக்கிக்குக் காத்திருந்து, மேலே சென்று நூலைத் தேடி எடுத்து, இறங்குவதற்குள் மணி அடித்துவிடும். நான்காம் விதி இங்கே தரைத்தளத்திலேயே மடிந்துவிடுகிறது. காப்பிக்கடையை நான் வெறுப்பவன் அல்லேன். காப்பி இல்லாமல் நானே படிப்பதில்லை. ஆனால் வாயிலில் நுழைபவரின் கண்ணில் முதலில் படவேண்டியது நூல். சிறிய கல்லூரியில் அதிகம் புழங்கும் பத்தாயிரம் நூல்களைத் தரைத்தளத்தில் வைத்துவிட்டுக் கலந்துரையாடல் அறைகளை மேலே கொண்டுசென்றால் என்ன கெட்டுவிடும்?

வெள்ளத்தைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். ஜொகூர்வாசிகள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் சிகாமாட், கோத்தா திங்கி முதலிய ஊர்கள் நீரில் மிதந்ததைக் கண்டவர்கள் நாம். தாழ்ந்த நிலத்தில் தரைத்தளத்து அலமாரியின் அடித்தட்டே முதலில் நனையும். எனவே இடமறிந்தே இதனைக் கூறவேண்டும். இக்கல்லூரியின் மனை பழைய செம்பனைத் தோட்டத்து மேட்டு நிலம். அடித்தளத்தை மேலும் சிறிது உயர்த்துவதில் செலவு அதிகமில்லை. ஆகவே அத்தடை இங்குப் பொருந்தவில்லை.

மேற்குக் கண்ணாடியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜொகூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஓரிரு பாகைத் தொலைவிலேயே இருக்கிறது. இங்கே கதிரவன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் வீழ்கிறான். நண்பகல் வெயிலைக் கூரை தடுக்கும். பிற்பகல் வெயிலைக் கூரை தடுக்காது. அது சாய்ந்து உள்ளே நுழையும். ஆகவேதான் இந்நாட்டில் நீண்ட சுவர்களை வடக்கும் தெற்கும் நோக்க அமைத்து, கிழக்கையும் மேற்கையும் குறுகிய சுவர்களால் அடைப்பது அறிவுடைமை. வரைபடம் இதனைத் தலைகீழாக்கியிருக்கிறது. குளிர்சாதனம் இருக்கிறதே என்பது குழுவினரின் விடையாக இருக்கலாம். மாலை ஐந்து மணிக்கு அக்கருவியை நிறுத்திவிட்டால், இரவெல்லாம் ஈரக்காற்று குளிர்ந்த நூல்களின் மீது படியும். சில மாதங்களில் அட்டைகளில் வெண்பூஞ்சை பூக்கும். தமிழகத்திலிருந்து வரும் மலிவுத்தாள் பதிப்புகளில் அது இன்னும் விரைவாகப் பரவும். பகலில் மட்டும் குளிரூட்டிய அறையைவிட, நல்ல காற்றோட்டமும் அகன்ற தாழ்வாரமும் உள்ள அறையே மேல் என்பது என் அனுபவம். நம் பழைய தோட்டப் பள்ளிகளின் பலகைக் கட்டடங்கள் இதனை அறிந்திருந்தன. அவற்றை இடித்தபோது அந்த அறிவையும் சேர்த்தே இடித்துவிட்டோம்.

தூண்களைப் பற்றியும் ஒரு சொல். இரட்டைப்பக்க அடுக்கு ஒன்றையும் அதன் பக்கத்து நடைவழியையும் சேர்த்து ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், ஏழரை மீட்டருக்கு ஒரு தூண் என்பது ஐந்து வரிசைகளுக்குச் சரியாகப் பொருந்தும். வரைபடத்தில் முகப்பின் வளைவுக்கேற்பத் தூண்கள் இடம் மாறி மாறி நிற்கின்றன. சில, நடைவழியின் நட்டநடுவே வருகின்றன. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் அங்கே என்ன செய்வார்? மேலும், நூல்கள் கனமானவை. வாசிப்பறைத் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம் தாங்கினால் போதுமெனில், நெருக்கமான நூலடுக்குகள் நிற்கும் தளம் 700 கிலோகிராமுக்கு மேல் தாங்கவேண்டும் என்பது பொறியாளர் கணக்கு. மூன்றாம் தளத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் அவ்வலிமையைக் கொடுத்தால், நாளை நூல்கள் பெருகும்போது அடுக்குகளை வேறு பகுதிக்கு நகர்த்த இயலாது. வளர்ச்சியை மறுக்கும் நூலகம் கட்டிய அன்றே முதுமை அடைகிறது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினையாமல் இப்பொருளைப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சி அது. ஊரார் கைகொடுக்க, மாநகர நூலகமாக வளர்ந்தது. புதிய கட்டடத்துக்கு ரங்கநாதனிடமே ஆலோசனை கேட்டார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்தார். 1959இல் முதற்பகுதியும், 1967இல் சிறுவர் பகுதியும், 1971இல் அரங்கமும் என்று பகுதி பகுதியாக அது நிறைவுற்றது. ஒரே நாளில் முழுமை காட்ட முயலாமல், வளர இடம்விட்டு வரைந்த வரைபடம் அது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு அக்கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. கட்டடத்தை மீண்டும் எழுப்பினார்கள். 2003இல் மீண்டும் திறந்தார்கள். சுவரும் குவிமாடமும் திரும்பின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகள் திரும்பவில்லை. நூலகத்தின் வரைபடத்தில் படியெடுக்கும் அறை ஒன்று கட்டாயம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். நம் கல்லூரி வரைபடத்தில் புகைப்படக் கண்காட்சிக்கு இடமிருக்கிறது. அரிய நூல்களை மின்படியாக்கும் ஒரு சிற்றறைக்கு இடமில்லை.

மின்நூல்கள் வந்தபின் அடுக்குகள் எதற்கு என்ற வினா இன்று எல்லாக் குழுக்களிலும் எழுகிறது. மின்படியின் அருமையை அறிந்தே பேசுகிறேன். ஈழத்துத் தமிழ் நூல்களை ‘நூலகம்’ திட்டத்தினர் இணையத்தில் தொகுத்திராவிடில் எங்கள் பள்ளிக்கு அவற்றில் ஒன்றும் வந்திராது. ஆனால் நம் மலேசியத் தமிழ் நூல்களின் நிலை வேறு. நம் எழுத்தாளர்கள் சொந்தப் பணத்தில் சில நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்று, எஞ்சியவற்றைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு மின்படி இல்லை. அவை காகிதமாகவே வாழ்கின்றன. காகிதமாகவே கரையானுக்கு இரையாகின்றன. அடுக்கு இல்லையெனில் அந்நூலும் இல்லை என்பதே இன்றைய நிலை.

நான் பயிற்சி பெற்ற கல்லூரியின் நூலகம் நினைவுக்கு வருகிறது. நல்ல கட்டடம், மின்விசிறிகள் சுழலும் பெரிய மண்டபம். தமிழ் நூல்கள் மட்டும் அங்கே இல்லை. வேறொரு கட்டடத்தில், மொழிப்பிரிவு அலுவலகத்தின் மூலையில், இரண்டு கண்ணாடி அலமாரிகளில் பூட்டியிருந்தன. சாவி ஒருவரிடம் இருந்தது. அவர் எப்போதும் வகுப்பிலிருந்தார், அல்லது கூட்டத்திலிருந்தார். கண்ணாடியின் வழியே முதுகுகளைப் படித்துப் படித்தே பல நூற்பெயர்கள் எனக்கு மனப்பாடமாயின. அவற்றுள் சிலவற்றைப் பத்தாண்டுகள் கழித்துச் சென்னையில் விலைக்கு வாங்கித்தான் படித்தேன். யார் மீதும் குற்றம் சொல்ல இதனை எழுதவில்லை. அக்கட்டடத்தை வரைந்தவர் தமிழ் நூலுக்கு ஒரு கட்டம் வரையவில்லை. வரைபடத்தில் இல்லாதது பிறகு அலுவலக மூலைக்குத்தான் போகும். எங்கள் அணியில் பயின்ற பலர் தமிழாசிரியர்களாகி, பாடநூலுக்கு அப்பால் ஒரு நூலையும் பெயர் சொல்ல இயலாமல் வகுப்பில் நின்றார்கள். அவர்களிடம் பயின்ற பிள்ளைகள் இன்று பெற்றோர்களாயிருக்கிறார்கள்.

இந்நாட்டில் தமிழ் நூலடுக்கு என்பது எவரோ மனமிரங்கித் தந்த சலுகை அன்று. 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் அமையவிருந்த இந்தியவியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழியாக இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். பல்கலைக்கழகப் படியை மிதித்தறியாத உழைப்பாளிகளும் தம் கூலியிலிருந்து அதற்குக் கொடுத்தனர். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க அப்பணம் பயன்பட்டது. 1956இல் தொடங்கிய அத்துறை பின்னர்ச் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. தனிநாயகம் அடிகள் அங்கே துறைத்தலைவராக விளங்கினார். தாம் படிக்க இயலாத நூல்களைத் தம் பேரப்பிள்ளைகள் படிப்பதற்காக வாங்கிக் கொடுத்த மக்களின் வழிவந்தவர்கள் நாம். நம் கண்முன் ஒரு கல்லூரி நூலகத்தை வரையும்போது தமிழ் அடுக்கு எங்கே என்று கேட்க நாணுவது எதற்காக?

ஆகவே கணக்கோடு எழுதி அனுப்பினேன். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத் தட்டில், நெரிக்காமலும் புதியனவற்றுக்கு இடம்விட்டும் வைத்தால், இருபத்தைந்து நூல்கள் நிற்கும். ஒரு பக்கத்துக்கு ஆறு தட்டுகளாக, இரட்டைப்பக்க அடுக்கு ஒன்றில் முந்நூறு நூல்கள். மூவாயிரம் தமிழ் நூல்களுக்குப் பத்து அடுக்குகள் போதும். காப்பிக்கடைக்கு ஒதுக்கிய பரப்பில் பாதிகூட அதற்கு வேண்டாம்.

சென்ற வாரம் திருத்திய வரைபடம் வந்தது. மேற்குக் கண்ணாடியின் முன் நிழல்தட்டிகள் சேர்க்கப்பட்டுள்ளன. தூண்கள் நேர்வரிசைக்கு வந்துவிட்டன. புழங்கும் நூல்கள் தரைத்தளத்துக்கு இறங்கியிருக்கின்றன. காப்பிக்கடை ஒரு மூலைக்கு ஒதுங்கியிருக்கிறது. படியெடுக்கும் அறை இன்னும் இல்லை. வடக்குச் சன்னலை ஒட்டிப் பத்துச் சிறு கட்டங்கள் புதிதாக வரையப்பட்டு, அவற்றின்மேல் ‘பிற மொழிகள்’ என்று எழுதப்பட்டிருந்தது. அதனைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுத் ‘தமிழ்’ என்று எழுதி, நகலை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன்.